பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் ஞானம் கிடைக்குமிடங்கள்: ஒரு கள ஆய்வு

1. நோக்கமும் களமும்

ஞானம் என்றால் என்ன என்ற கேள்வியை உபநிடத காலத்திலிருந்தே பெரியவர்கள் அலசிக் காயப்போட்டுவிட்டார்கள். அதை இக்கட்டுரை மறுபடியும் நனைக்காது. ஆனால் ஞானம் எங்கே கிடைக்கிறது, அங்கே கார் நிறுத்த இடம் உண்டா, இரவு ஷிப்ட் முடிந்து போனால் கதவு திறந்திருக்குமா, பக்கத்தில் தே தாரிக் கிடைக்குமா என்ற கேள்விகளை எந்தப் பெரியவரும் தொட்டதாகத் தெரியவில்லை. அறிவுலகின் இந்த நெடுநாள் பாராமுகத்தைச் சரிசெய்வதே இவ்வாய்வின் நோக்கம்.

களம், பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள பாயான் லெப்பாஸ். இதைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள். முதலாவது, பாம்புகள் குடியிருக்கும் கோயில் இங்கே இருக்கிறது. இரண்டாவது, யாரோ ஒரு மகாபுருஷர் கல்லில் பதித்துவிட்டுப் போன காலடி பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவது, உள்ளூரில் ஞானம் கிடைக்காது என்று முடிவு கட்டியவர்கள் ஏறிப் பறக்கும் விமான நிலையமும் இங்கேதான் 1935 முதல் இயங்கி வருகிறது. ஆய்வாளரின் வீடு இதே வட்டாரத்தில் இருப்பதும், பயணப்படி தர யாரும் முன்வராததும் ஆய்வு நெறிமுறைக்குத் தொடர்பற்றவை. எனவே அவை காரணங்களாகக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

2. தேடுவோர் வகைப்பாடு

வட்டாரத்துத் தமிழரிடையே ஞானம் தேடுவோர் மூன்று இனமாகப் பிரிகிறார்கள்.

அ) தைப்பூச இனம். ஆண்டில் பெரும்பகுதி உறக்க நிலையில் இருந்து, தை பிறந்ததும் விழிக்கும் இனம் இது. விரதத்தில் கோழியை மறக்கிறது. தண்ணீர்மலையில் 500க்கு மேற்பட்ட படிகளை மூச்சு வாங்க ஏறி முருகனைக் காண்கிறது. தேர் வரும் வழியில் சாலையே வெள்ளையாகும்படி தேங்காய் உடைக்கிறது. தேங்காய் உடைப்பதில் சீனப் பக்தர்கள் நம்மவருக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. பூசம் முடிந்த மறுநாளே நாசி கண்டார் கடை வரிசையில் இவ்வினத்தைத் திரளாகக் காணலாம்.

ஆ) விமான இனம். ஞானம் குறைந்தது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான் கிடைக்கும் என்பது இவ்வினத்தின் அடிப்படைக் கொள்கை. காசி, ரிஷிகேசம், திருவண்ணாமலை இவற்றின் வலசைப் பாதை. திரும்பும்போது ருத்திராட்சம், செம்புச் சொம்பு, கங்கை நீர் ஆகியவற்றோடு வரும். பற்றை விடுவது எப்படி என்று கற்கப் போனவர் பெட்டியின் எடை கூடியதற்காக விமான நிலைய முகப்பில் வாதிடுவதை எளிதில் காணலாம்.

இ) சேமநிதி இனம். ஞானத்தை 55 வயது வரை ஒத்திவைத்திருக்கும் இனம். ஊழியர் சேமநிதிப் பணத்தை முழுவதும் எடுக்க மலேசியச் சட்டம் வகுத்த வயது அதுவே என்பதால், துறவுக்கும் அதுவே முகூர்த்தமாக அமைந்துவிடுகிறது. பட்டினத்தார் ஒரே நாளில் அத்தனை செல்வத்தையும் உதறிவிட்டுக் கிளம்பியது அவர் காலத்தில் சேமநிதி வாரியம் இல்லாததால்தான் என்று இவ்வினத்தார் உறுதியாக நம்புகிறார்கள். 55 ஆனதும் கல்யாணம், வீட்டுக்கூரை, பேரனின் கல்லூரிக் கட்டணம் என்று வரிசை கட்டி நிற்பவை வேறு ஓர் ஆய்வுக்கு உரியவை.

3. அட்டமா சித்தியும் எட்டுத் தொழிற்சாலையும்

சித்தர்கள் தவத்தால் அடைந்தவை எட்டுச் சித்திகள். பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் சுதந்திரத் தொழில் மண்டலம் 1972இல் தொடங்கியபோது முதலில் வந்து அமர்ந்த நிறுவனங்களும் எட்டு: இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன். பினாங்கு இவர்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் கொண்டாடுகிறது. எட்டில் ஐந்து அமெரிக்காவுடையவை, ஒன்று ஜெர்மனியுடையது, ஜப்பானுடையவை இரண்டே இரண்டு என்பதைப் பட்டம் சூட்டியவர்கள் பெரிதுபடுத்தவில்லை. ‘எட்டுச் சித்தர்கள்’ என்று வைத்திருந்தால் ஆய்வுலகம் மறுத்திருக்காது.

ஒப்புமை எண்ணிக்கையோடு நிற்கவில்லை. அணுவளவு சிறுத்தல் அணிமா. சில்லுத் தொழிலின் முழுமுயற்சியும் அதுவே. காற்றினும் இலேசாதல் இலகிமா. நகத்தளவுச் சில்லு சில நிமிடத் தொலைவில் உள்ள விமான நிலையத்துக்குப் போய்க் கடல் கடந்துவிடுகிறது. மலைபோல் கனத்தல் கரிமா. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்தவரின் கால்களைக் கேட்டால் சொல்லும். எவரையும் வசப்படுத்துதல் வசித்துவம். தைப்பூசத்துக்கு விடுப்பு கேட்டு மேற்பார்வையாளர் முன் நிற்பவருக்குத் தேவைப்படுவது. இந்தக் கடைசிச் சித்தி கைகூடியவர்கள் அரிதிலும் அரிது.

சில்லு செய்யும் ‘கிளீன் ரூம்’ இன்னும் நெருக்கமான சான்று தருகிறது. உள்ளே போகிறவர் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி தரித்து, கண் மட்டும் தெரிய நிற்கிறார். முகப்பவுடர் கூடாது, வாசனைத் திரவியம் கூடாது. ஒரு துகள் உதிர்ந்தாலும் சில்லு பாழ் என்பதால் நெற்றி நிறையப் பூசிய திருநீற்றுக்கும் அங்கே இடமில்லை. நுழையும் முன் காற்றறை ஒன்றில் நின்றால் நாற்புறமும் காற்றடித்துத் தூசியை அகற்றுகிறார்கள். சைவ சித்தாந்தம் பல பிறவிக்கு நீட்டிய மல நீக்கத்தைக் காற்றறை சில விநாடிகளில் முடித்துவிடுகிறது. ஆணவ மலம் மட்டும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு கூடவே உள்ளே வந்துவிடுகிறது. அதற்கேற்ற வடிகட்டியை எட்டுப் பேரில் ஒருவரும் உருவாக்கவில்லை.

4. ஒற்றைக்கால் சான்று

பாயான் லெப்பாஸுக்கு அடுத்த பத்து மாவுங்கில், கடலோரக் கல் ஒன்றில் பெரிய காலடி போன்ற குழி இருக்கிறது. அது கடலோடித் தளபதி செங் ஹோ பதித்தது என்று சீனர்கள் கோயில் எழுப்பி வழிபடுகிறார்கள். கெடெம்பாய் என்னும் பூதத்தின் கால் என்பது மலாய்க்காரர் வழக்கு. அனுமன் இளைப்பாறிய இடம் என்று சொல்லும் நம்மவரும் உண்டு. மூன்று இனத்தாரும் ஒரே குழியைப் பார்த்து மூவரைக் கண்டும் இதுவரை அடிதடி நிகழவில்லை என்பதைச் சமய ஒப்பீட்டு ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

இங்கே தெரிவது ஒரே கால். நம் மரபில் ஒற்றைக்காலில் நின்றவர் இருவகைப்படுவர்: தவசியர், பிடிவாதக்காரர். வந்தவர் எவ்வகை என்று கல்லைக் கொண்டு தீர்மானிக்க இயலவில்லை. எப்படியானாலும் அவர் இங்கே தங்கவில்லை. தடத்தை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். விமான இனத்தின் மூதாதை அவரே என்று கொள்ள இடமிருக்கிறது. அதே பத்து மாவுங்கிலிருந்து 2014இல் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பினாங்குப் பாலம் புறப்பட்டது தற்செயல் அன்று.

5. முதன்மைத் தரவு: பாம்பு

சுங்கை குளுவாங்கில் உள்ள பாம்புக் கோயில், மருத்துவத் துறவி சோர் சூ கோங்குக்காக எழுப்பப்பட்டது. காட்டுப் பாம்புகளுக்கு அவர் அடைக்கலம் தந்தார், கோயில் எழுந்ததும் அவை தாமாகவே குடியேறின என்பது கர்ண பரம்பரை. சீன ஆண்டின் முதல் மாதம் ஆறாம் நாள் அவர் பிறந்தநாளில் கூட்டம் நெரியும்.

குடியிருப்பது விரியன் இனம். உடலில் மஞ்சள் பட்டைகள், முக்கோணத் தலை. ஊதுபத்திப் புகையில் மயங்கித்தான் அவை கிடக்கின்றன என்று சுற்றுலாப் பயணிகள் நம்புகிறார்கள். புகையே இல்லாத காட்டிலும் இவ்விரியன் அப்படித்தான் கிடக்கும். இரவில் வேட்டையாடும் உயிர், பகலில் அசைவதில்லை, ஒரே கிளையில் நாள்கணக்கில் இருந்த இடத்தில் இருக்கும். ஊண் சுருக்கம், மௌனம், ஆசனம், கண் இமையாமை என்று யோக நூல்கள் கேட்கும் இலக்கணம் அனைத்தும் பொருந்துகின்றன. கண் இமையாமைக்குக் காரணம் இமையே இல்லாதது என்பது உண்மைதான். பலனைப் பார்க்க வேண்டுமேயன்றிக் காரணத்தைக் குடைவது பக்திக்கு அழகன்று.

மறுப்பாளர் ஒருவர் எழுந்து, “அது தவம் செய்யவில்லை, எலிக்குக் காத்திருக்கிறது” என்பார். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இரண்டாம் பகுதியில் கண்ட மூன்று இனத்தாரும் எதற்குக் காத்திருக்கிறார்கள்? பிள்ளைக்கு எஸ்பிஎம் தேர்வில் ‘ஏ’, மருமகனுக்கு நிரந்தர வேலை, தனக்குப் பதவி உயர்வு. வேண்டுவது எலி, விண்ணப்பத்தில் எழுதுவது முக்தி. விரியன் அந்த இரட்டைக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பக்தர்கள் வைக்கும் முட்டைகளையும் அது பொருட்படுத்துவதில்லை, ஏனெனில் தனக்கு வேண்டியது முட்டையல்ல என்று அதற்குத் தெரியும். தனக்கு வேண்டியது எது என்று தெரிந்திருப்பதே ஞானத்தின் பாதி என்பது இவ்வாய்வின் துணிபு.

சித்தர்கள் தேடிய காயகல்பமும் இங்கே மறைந்திருக்கிறது. இவ்விரியனின் நஞ்சில் உள்ள வாக்ளரின் என்னும் பொருளைப் போலச் செயல்படும் செயற்கைப் பெப்டைடு ஒன்றை முகச் சுருக்கம் போக்கும் பூச்சுகளில் இன்று சேர்க்கிறார்கள். மூப்பை வெல்லும் மருந்தைத் தேடிச் சித்தர்கள் சதுரகிரி ஏறினார்கள். அது பேரங்காடியின் அழகுசாதன அடுக்கில், விலைச்சீட்டோடு நிற்கிறது.

6. எதிர்ச்சான்றுகள்

நேர்மையான ஆய்வு எதிர்ச்சான்றை மறைக்காது. பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற மருத்துவர் 1913இல் மலாயாவுக்கு வந்து, தோட்ட மருத்துவமனையில் பணியாற்றி, பத்தாண்டுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேசம் போனார். தெய்வநெறிக் கழகத்தை 1936இல் நிறுவிய சுவாமி சிவானந்தர் அவரே. விமான இனத்தார் அவரைத் தமக்குச் சாட்சியாக அழைப்பார்கள். அவர் கங்கைக் கரையில் உட்கார்ந்துவிட்டார், விடுமுறை முடிந்து திரும்பி வரவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ரமண மகரிஷியின் வழக்கு இன்னும் வலுவானது. 1896 செப்டம்பரில் பதினாறு வயதில் திருவண்ணாமலை சேர்ந்தவர், 1950இல் மறையும்வரை ஊரை விட்டு நகரவில்லை. ஒருவர் ஏறத்தாழ 54 ஆண்டுகள் அசையாமல் இருந்த இடத்தைப் பார்க்கப் பாயான் லெப்பாஸ்காரர் நாலாயிரம் ரிங்கிட் செலவழித்து, இரண்டு விமானம் மாறிப் போகிறார். வீட்டுக்குப் பக்கத்தில் அசையாமல் இருக்கும் விரியனைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

7. முடிவும் பரிந்துரைகளும்

தேடுவோர் நகர்கிறார்கள், கிடைத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாயான் லெப்பாஸில் ஞானத்துக்குப் பஞ்சமில்லை, உட்காருவோருக்குத்தான் பஞ்சம். இதிலிருந்து பின்வரும் பரிந்துரைகள் பிறக்கின்றன.

ஒன்று. மாலையில் தொழிற்சாலைகள் விடும் நேரத்தில் துன் டாக்டர் லிம் சோங் யூ நெடுஞ்சாலையில் ஏற்படும் ஜாமைத் தியான மண்டபமாகக் கருதலாம். ஆசனம் உண்டு, குளிர்சாதனம் உண்டு, நகர வழியில்லை. ஹாரன் அடிப்பது மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். முன்னால் நிற்கும் லாரிக்கும் அதே கர்மவினைதான்.

இரண்டு. சேமநிதி இனத்தார் 55 வரை காத்திராமல் தவணை முறையில் தொடங்கலாம். ஞானத்துக்கு வட்டி கிடையாது. ஆகவே தள்ளிப்போடுவதில் இலாபமும் கிடையாது.

மூன்று. எந்த மலைக்குப் புறப்படுமுன்னும், வேண்டுவது ஞானமா எலியா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளவும். எலி என்றால் வெட்கப்பட வேண்டாம். முருகன் இரண்டு மனுவையும் வாங்கிக்கொள்கிறார்.

நான்கு. இவ்வாய்வைத் தொடர விரும்புவோர் பாம்புக் கோயிலுக்கு அவசியம் போய் வாருங்கள். பாம்பைத் தொடாதீர்கள். அது எவ்வளவு பெரிய ஞானியாக இருந்தாலும், விஷம் விஷம்தான்.