திருகாணித் துளையும் அனவஸ்தா தோஷமும்

பழைய பைபர்கிளாஸ் மோட்டார்ப் படகொன்றை வீட்டுக் கொட்டகையில் ஏற்றி வைத்துச் செப்பனிட முற்படும் அமெரிக்கக் கிருகஸ்தனின் காரியத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடும் உலகம், அது தர்க்க சாஸ்திரத்தின் ஓர் அங்கம் என்பதை இன்னும் உணர்ந்தபாடில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனமாகும்.

முதலில் பூர்வபட்சம், அதாவது எதிர்தரப்பார் வாதம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ரிச்சர்டு ஃபிஷர் 1958-இல் சந்தைக்குக் கொண்டுவந்த 13 அடி நீளமுள்ள பாஸ்டன் வேலர் படகை, 1961-இல் லைஃப் பத்திரிகையின் வாசகர் அறிய, அவர் அதில் அமர்ந்திருக்கும்போதே ரம்பத்தால் இரு கூறாக அறுத்தார்கள். ஓடுகள் இரண்டின் நடுவே நுரை நிறைந்திருந்தமையால் படகு மூழ்கவில்லை. ரம்பத்துக்கே அஞ்சாத வஸ்து வேறெதற்கு அஞ்சும் என்று வினவுவோர்க்கு, திருகாணிக்கு அஞ்சும் என்பதே நமது விடை.

எங்ஙனமெனின், கண்ணாடி இழை மக்காது. ஆனால் அக்காலத்துப் படகுகளில் மோட்டாரைத் தாங்கும் பின்சுவரினுள்ளும், திருகாணி பிடிக்க வேண்டிய இடங்களிலும் மரத்தையே மறைத்து வைத்தார்கள். துளைவழியே கசியும் நீர் அம்மரத்தை ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கிறது. மேலிருக்கும் ஜெல்கோட் என்னும் பூச்சு பளபளப்பதால் பிரத்தியட்சப் பிரமாணம் இங்கே பயன்படாது. சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்து, கணீரென்னாமல் சொத்தென்று கேட்குமிடத்தில், புகையால் நெருப்பை அறிவதுபோல, உள்ளே மரம் அழுகியிருப்பதை அனுமானத்தால் அறிய வேண்டும்.

இனி அனவஸ்தை, அதாவது ஒன்றைத் தொட்டு மற்றொன்றாக முடிவின்றி நீளும் தோஷம். கைப்பிடிக் கம்பியை மெருகிட மட்டும் எண்ணியவன் அதன் திருகாணியைக் கழற்றுகிறான். துளையில் ஈரங்கண்டு மேலோட்டை அறுக்கிறான். அடியிலுள்ள ஒட்டுப்பலகை கையோடு பொடியாய் வர, ஈரத்தின் எல்லையைத் தேடி மேலும் அறுக்கிறான். அடைக்கப் புகுந்தாலோ, துளையைப் பெரிதாக்காமல் அடைத்தல் கூடாது என்பது விதி: ஓட்டின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்தாலன்றிப் புதிய இழை உறுதியாகப் பற்றாது, அதாவது கால் அங்குலக் கனத்துக்கு மூன்று அங்குலம். அத்தேய்ப்பு மற்றொரு திருகாணியின் எல்லையைத் தொடும். அதையும் கழற்றிப் பார்க்காமல் இருப்பது சாஸ்திரோக்தமன்று.

இதற்குக் கால தோஷமும் துணை செய்கிறது. இழையைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசின் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரிவர இறுகாதாகையால், கொட்டகையில் வேலை நடக்கக்கூடிய மாதங்களும் ஏரியில் படகு விடக்கூடிய மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இவ்வாறு, செப்பனிடப்பட்ட படகு நீரில் இறங்குதல் தர்க்கரீதியாக அசம்பவம் என்று நிலைநாட்டப்பட்டது. அங்ஙனமாயின், கோடைதோறும் ஏரிகளில் அத்தகைய படகுகள் ஓடுவதைக் காண்கிறோமே என்பார்க்குச் சமாதானம் ஒன்றுதான்: அவற்றின் சொந்தக்காரர் ஒவ்வொருவரும், ஏதோ ஒரு திருகாணியை மட்டும் கழற்றிப் பார்க்காமல் விட்டுவைத்தவர்.