இம்பாலா விற்கும் பெரியவர்

ஒஸ்லோவில் குளிர்காலம் முடிந்து, தெருவில் கொட்டிய உப்பை மழை கழுவிப் போனதும் அந்த விளம்பரம் வந்துவிடும். ‘விற்பனைக்கு: 1965ஆம் ஆண்டு செவ்ரொலே இம்பாலா, இரண்டு கதவு. நேரமின்மையால் விற்கப்படுகிறது.’ போன வருடமும் இதே கார்தான். அப்போது அவருக்கு நேரம் இருந்தது, இடம்தான் இல்லை. அதற்கு முந்திய வருடம் முதுகுவலி. விலை மட்டும் வருடாவருடம் கொஞ்சம் ஏறியிருக்கும்.

இவர் ஒருவரல்ல, ஒரு வர்க்கம். அறுபதைத் தாண்டியவர். மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவராக இருக்கலாம், பஸ் ஓட்டியவராக இருக்கலாம், பல் வைத்தியராகவும் இருக்கலாம். அன்றாடப் பாவனைக்கு டெஸ்லா வைத்திருப்பார். 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். அதில் இவருடையதும் ஒன்று. அந்த டெஸ்லா வெளியே பனியில் கிடக்கும். இம்பாலா மட்டும் ஹீற்றர் போட்ட கராஜுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். தை மாதக் காலையில் டெஸ்லாவின் கூரையிலிருந்து மனைவி பனி தள்ளிக்கொண்டிருக்க, இவர் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். என்ன வேலை என்று கேட்டால் ‘பட்டரி பார்க்கிறேன்’ என்பார்.

விளம்பரத்தை ஆறுதலாக வாசிக்க வேண்டும். படங்களே ஒரு கல்யாண அல்பம் அளவுக்கு இருக்கும். பின்பக்கத்து ஆறு வட்ட விளக்குகளுக்கும் தனித்தனிப் படம். ஒருவரும் சிகரெட் தட்டாத சாம்பல் கிண்ணத்துக்கு மூன்று கோணத்தில் படம். ‘அரிதான கார்’ என்று எழுதியிருப்பார். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற கார் அது.

பிறகு குறைகள் வரும். ‘இடது கதவுக்குக் கீழே அரைச் சென்ரிமீற்றர் துரு. மணிக்கூடு ஓடாது. வலப்பக்கக் கண்ணாடி கடைசி இரண்டு விரற்கடை ஏறுவதற்குக் கையால் உதவ வேண்டும்.’ குறையை மறைத்து விற்றால் இந்த நாட்டில் சட்டம் வீடு தேடி வரும் என்பது உண்மைதான். ஆனால் இவர் எழுதுவது சட்டத்துக்குப் பயந்தல்ல. வாசிக்கிறவர் பயந்து ஓடட்டும் என்றுதான்.

விற்க மனமில்லாதவர் ஏன் விளம்பரம் போடுகிறார்? எனக்குத் தெரிந்த பதில் இது. இந்த நாட்டில் தற்பெருமையைவிடப் பெரிய குற்றமில்லை. அக்செல் சாண்டமூசெ 1933இல் எழுதிய நாவலொன்றில் ‘யாந்தெ சட்டம்’ என்று ஒன்றை எழுதிவைத்தார். உன்னை ஒரு பெரிய ஆளென்று எண்ணிவிடாதே என்பது அதன் சாரம். எள்ளலாக எழுதினார், ஆனால் அயலட்டையில் அது இன்றும் அமுலில்தான் இருக்கிறது. ‘என்னிடம் வடிவான கார் இருக்கிறது’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ‘காரை விற்கப்போகிறேன்’ என்று சொல்லலாம். விற்கிறவர் சரக்கைப் பற்றிப் பேசாமல் எப்படி விற்பது? அப்படியாக, வருடத்துக்கு ஒருமுறை யாந்தெயின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, இவர் நான்கு பக்கத்துக்குத் தன் காரைப் புகழ்ந்து எழுதிக்கொள்வார்.

ஏன் அமெரிக்கக் கார் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. போருக்குப் பிறகு நோர்வேயில் பெரும்பாலான புதுக் கார்களை அனுமதிப் பத்திரம் இல்லாமல் வாங்க முடியாமல் இருந்தது. டொலருக்குத் தட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு 1960 ஒக்டோபர் 1ஆம் திகதிதான் நீங்கியது. அதுவரை அமெரிக்கக் காரை அதிகம் கண்டது கடிதத்தோடு வந்த படங்களில். 1825இல் ஸ்டவாங்கரிலிருந்து முதற்கப்பல் போனது தொடங்கி அடுத்த நூறு வருடத்தில் எட்டு இலட்சம் பேரளவில் அமெரிக்கா போய்விட்டார்கள். ஆகவே அநேகமாக எல்லா வீட்டுக்கும் அங்கே ஒரு சித்தப்பா. அவர் நீளமான காரில் சாய்ந்துகொண்டு நிற்கும் படம் ஒன்று வரும். (எண்பதுகளில் இங்கே வந்த தமிழர் நாங்களும் அடுத்தவன் காரில் சாய்ந்து படமெடுத்து ஊருக்கு அனுப்பினவர்கள்தான். சித்தப்பாவுக்காவது அது சொந்தக் காரோ என்னவோ.) அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உழைக்கத் தொடங்கியதும் கடல் கடந்து கார்களைக் கொண்டுவந்தார்கள். பழைய கார்களுக்குப் பதிவு வரி பெருமளவு குறைவு என்பதும் வசதியாகப் போயிற்று. அமெரிக்கக் கார்ப் பிரியர்களுக்கென்றே ‘அம்கார்’ என்ற சங்கம் 1975இலிருந்து இருக்கிறது. ஒஸ்கார் பரிந்துரை வரை போன ‘எல்லிங்’ படத்திலும், கராஜில் கிடக்கும் ஒரு பழைய பியூக்கைத் திருத்தி எடுத்துக்கொண்டுதான் நண்பர்கள் ஒஸ்லோவை விட்டு வெளியே கிளம்புகிறார்கள்.

இனி, கார் பார்க்கப் போவோம். கோப்பி வரும், பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் வரும். கேள்விகளும் வரும். ஊர் கேட்கமாட்டார், சாதி கேட்கமாட்டார், சம்பளம் கேட்கமாட்டார். உப்பைக் கேட்பார். ‘மழையில் ஓட்டுவீர்களா? கார்த்திகையில் எங்கே நிறுத்துவீர்கள்? கராஜ் நிலம் சீமெந்தா, மண்ணா? நீளம் 5.4 மீற்றர், தெரியும்தானே?’ தெரியும் என்றால், அளந்து பார்த்தீர்களா என்பார். அளந்தேன் என்றால், கதவு திறக்கவும் இடம் வேண்டுமே என்பார்.

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் தாராளமாகச் சம்மதிப்பார். ஆனால் ஓட்டுவது அவர். நீங்கள் பக்கத்தில். அகன்ற வாங்குச் சீற்றில் இருவருக்கும் நடுவே இன்னொருவர் தாராளமாக இருக்கலாம். இரண்டே கியர் கொண்ட ‘பவர்கிளைட்’ பெட்டி. V8 எஞ்சின் அடித்தொண்டையில் உறும, ஃபியோர்டைப் பார்த்தபடி மொஸ்ஸெ வீதியால் தெற்கே போகும். வண்டி கிளம்பியதும் இவர் விற்பனையை மறந்துவிடுவார். டுரோபாக் என்ற ஊரில் இறக்கி, உங்களுக்கு ஐஸ்கிறீமும் வாங்கித் தருவார். 10 கிலோமீற்றருக்கு 2 லீற்றர் குடிக்கும் கார்; லீற்றர் 20 குரோனர் அளவில். உங்களிடம் அவர் பெற்றுக்கொண்டது ஒரு மணி நேரக் காது மட்டும்.

விலை பேசும் நேரம்தான் வேடிக்கை. குறைத்துக் கேட்டால் முகம் சிவந்து, ‘இது வியாபாரமில்லை’ என்பார். சொன்ன விலைக்கே சரி என்றுவிட்டால் முகம் வெளிறிவிடும். ஒருவன் உடனே ஒத்துக்கொண்டால் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்றுதானே அர்த்தம்? மகனிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்பார். மகன் பேர்கனில் இருப்பான். சைக்கிளில் திரிவான்.

என்னோடு வந்த யாழ்ப்பாணத்து நண்பர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: “அண்ணை, இந்தாள் விக்காது, வாங்கோ போவம். எங்கட பெரியப்பாவும் தன்ர ஒஸ்டின் ஏ-40 காரை இப்பிடித்தான் இருபது வரியமா வித்தவர். சண்டைக்குள்ள பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடின காலத்திலயும் வித்துக்கொண்டுதான் இருந்தவர்.”

சரி, உண்மையாகவே இம்பாலா வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மே மாத விளம்பரங்களை விட்டுவிடுங்கள். கார்த்திகையில் வருவதைத் தேடுங்கள். ஒரே ஒரு படம், அதுவும் பாதி இருட்டில். மூன்று வரி. மொடல் பிழையாக இருக்கும், ‘நிறம்: பச்சை’ என்றிருக்கும், விலை நியாயமாக இருக்கும். அது மனைவி போட்ட விளம்பரம். அன்றைக்கே காசோடு போங்கள். ஆனால் பெயர் மாற்றுவதற்கு வீதிப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தளத்தில் சொந்தக்காரரே பேங்க்-ஐடி என்ற தன் மின் அடையாளத்தால் உள்நுழைந்து விற்றதாகச் சொல்ல வேண்டும். அவர் கராஜுக்குள் இருப்பார், பட்டரி பார்த்துக்கொண்டு.