வந்து தோற்றுவிட்டுப் போங்கள்

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் திருச்சிக்கும் ஓர் அணி உண்டு. முதலில் அது காஞ்சி வாரியர்ஸ். 2018-இல் திருச்சி வாரியர்ஸ். 2023-இல் பால்சி திருச்சி. பின்னர் திருச்சி கிராண்ட் சோழாஸ். பெயருக்கே ஊர்ப்பற்று நிலைக்காதபோது, ஏலத்தில் வந்த ஆட்டக்காரரை மட்டும் குறைசொல்லி என்ன பயன்?

2023-இல் ஏழு ஆட்டம், ஏழிலும் தோல்வி. அதுவும் கோவை, திண்டுக்கல், சேலம், நெல்லை என்று ஊர் ஊராகப் போய்; திருச்சியில் ஓர் ஆட்டம்கூட இல்லை. சேப்பாக்கம் அணியோ 2022-க்குள் நான்கு கோப்பைகளை வாரிக்கொண்டது; அதில் ஒன்று மட்டும் கோவையோடு பங்கு.

படையெடுப்புக்குத் தப்பி அலைந்த எங்கள் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாளே 1371-இல் ஊர் திரும்பிவிட்டார். அணி முதலாளிகளே, கோப்பை கேட்கவில்லை. அடுத்த முறையாவது திருச்சிக்கே வந்து, எங்கள் கண்ணெதிரில் தோற்றுவிட்டுப் போங்கள்!