உள்ளங்கால் மச்சமும் ஊர் சுற்றும் யோகமும்

திருத்தணி மலையடிவாரத்துக் கடைகளில் பஞ்சாங்கம், கந்த சஷ்டி கவசம், கோலப் புத்தகம் எல்லாம் ஒரே கயிற்றில் தொங்கும். கூடவே மச்ச பலனும் தொங்கும். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றும் யோகம் என்பது மச்ச சாஸ்திரத்தின் தீர்ப்பு. சின்ன வயதில் பாட்டி என் காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவன் அரக்கோணத்தைத் தாண்ட மாட்டான்" என்றாள். இன்றுவரை அவள் வாக்கு பொய்க்கவில்லை.

சாஸ்திரத்தில் பாதி உண்மை இருக்கிறது. உள்ளங்காலில் கிளம்பி, கவட்டையில் நெறி கட்டி, அங்கிருந்து நுரையீரல், ஈரல், மூளை என்று யாத்திரை போகிற மச்சம் ஒன்று உண்டு. யோகம் மச்சத்துக்கு, காலுக்குச் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். அதன் பெயர் மெலனோமா.

இதை வைத்தியர்கள் கண்டுபிடித்த லட்சணத்தைப் பார்த்தால் பாட்டி எவ்வளவோ தேவலை. 1787-ல் லண்டனில் ஜான் ஹன்டர் என்ற பெரிய சர்ஜன், 35 வயது ஆள் ஒருவரின் தாடையோரத்திலிருந்து கட்டியை அறுத்தெடுத்தார். என்னவென்று புரியவில்லை. ஏதோ காளான் மாதிரி புற்று என்று எழுதி, ஜாடியில் போட்டு மூடிவிட்டார். 1968-ல்தான் யாரோ அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து மெலனோமா என்று உறுதி செய்தார்கள். 181 வருஷம்! ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் ஊரில் எந்த ஆவக்காய் ஜாடியும் அத்தனை நாள் தாங்கியதில்லை.

நோய்க்குப் பெயர் வைத்ததிலும் பங்காளிச் சண்டை. 1804-ல் பாரிஸில் லென்னக் என்ற 23 வயதுப் பையன் எழுந்து, இந்தக் கறுப்புக் கட்டி தனி நோய், இதற்கு 'மெலனோஸ்' என்று பெயர் என்றான். கிரேக்கத்தில் 'மெலஸ்' என்றால் கறுப்பு. உடனே அவனுடைய வாத்தியார் டுபுய்ட்ரன், அது நான் சொல்லிக்கொடுத்த சரக்கு என்று மல்லுக்கு நின்றார். நோயாளி பாடு திண்டாட்டம்தான். பையன் பிற்பாடு ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்துப் பிழைத்துக்கொண்டான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் 1907-ல் வந்த சாம்ப்சன் ஹேண்ட்லி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட மனுஷன். மெலனோமா பரவி இறந்துபோன ஒரே ஒரு பெண்ணின் உடலை ஆராய்ந்துவிட்டு, கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் தாராளமாக வெட்ட வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். உலகமே கேட்டுக்கொண்டது. அடுத்தடுத்து வந்த சர்ஜன்கள் அதை 5 சென்டிமீட்டர் என்று ஆக்கி, கடுகளவு மச்சத்துக்கும் தோசையளவு வட்டம் போட்டு வெட்டினார்கள். அந்தப் பள்ளத்தை மூடத் தொடையிலிருந்து தோலை உரித்து ஒட்டினார்கள். 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்பவர், மச்சத்தின் அகலத்தை விடுங்கள், ஆழத்தை அளங்கள் என்றார். எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் நோயாளி பிழைப்பாரா என்று சொல்ல முடியும். 1988-ல் இத்தாலிக்காரர் வெரோனேசியின் குழு 612 நோயாளிகளைக் கொண்டு சோதித்து, ஆழம் குறைந்த கட்டிக்குச் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் போதும் என்றது. ஒரு சோற்றுப் பதம் தப்பு என்று தெரிய 81 வருஷம்.

நம் ஊர்க் கதை வேறு. கல்யாண விளம்பரத்தில் "சிவப்பான பெண் தேவை" என்று போட்டு நாம் அவமானப்படுத்துகிற அதே கறுப்புதான் வெயிலால் வரும் தோல் புற்றிலிருந்து நம்மைப் பெருமளவு காப்பாற்றுகிறது. ஆனால் நாம் லேசுப்பட்டவர்களா? வெயில் தராததை இடுப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டியால் வரவழைத்துக்கொண்டோம். 1945-ல் பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையின் கானோல்கரும் சூர்யாபாயும் 'வேட்டிப் புற்று' என்றே ஒன்றை எழுதி வைத்தார்கள். காஷ்மீரிகள் இதில் நமக்கு அண்ணன்கள். குளிருக்குக் காங்க்ரி என்ற கணப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்து வயிற்றையும் தொடையையும் வருஷக்கணக்கில் வாட்டி, 'காங்க்ரிப் புற்று' வாங்கினார்கள். எல்ம்ஸ்லி என்ற மிஷனரி டாக்டர் 1866-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார்.

வேட்டி பெல்ட்டுக்கு மாறிவிட்டது. உள்பாவாடை நாடா மாறவில்லை. என் அம்மாவின் இடுப்பைச் சுற்றி, நாடா உட்காரும் இடத்தில், கரித்துண்டால் கோடு இழுத்த மாதிரி ஒரு கறுப்பு வளையம் உண்டு. வேர்வையில் அரிக்கும், தோல் உரியும், தேங்காய் எண்ணெய் தடவுவாள், மறுநாள் அதே இடத்தில் அதே முடிச்சு. "இறுக்கிக் கட்டலைன்னா பொடவை நிக்குமாடா?" என்பாள். பெரும்பாலோருக்கு அது வளையத்தோடு நின்றுவிடும். சிலருக்கு அந்த இடம் பல வருஷம் கழித்து ஆறாத புண்ணாகி, புற்றாகிறது. 2024-ல் இப்படி இரண்டு பெண்களின் கதையை வார்தா, மதுபனி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் எழுதியபோது, பத்திரிகைகள் ஏதோ புது வியாதி மாதிரி அலறின. கானோல்கர் சொல்லி 79 வருஷம் ஆகியிருந்தது.

இவையெல்லாம் வேறு வகைத் தோல் புற்றுகள். மெலனோமா நம்மிடம் அபூர்வம். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத மூலையில் வந்து உட்காரும். அதற்கு வெயில் காரணமில்லை. பாட்டுக்காரர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. பந்து விளையாடிப் பட்ட அடி என்று நினைத்தார். 1977-ல் நோய் தெரிந்து விரலை எடுக்கச் சொன்னபோது மறுத்தார். மத நம்பிக்கை என்பார்கள். 1981-ல் 36 வயதில் போய்விட்டார். திருத்தணியில் முடியைத்தான் கேட்கிறார்கள், கொடுத்துவிடுகிறோம். விரலைக் கேட்டால் நாமும் யோசிப்போம்தான்.

மார்லி காலத்தில், பரவிய மெலனோமாவுக்கு உருப்படியான மருந்து இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்திக்கு ஒரு பிரேக் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் அதுவே புற்றோடு சண்டை போடும் என்று ஜேம்ஸ் ஆலிசன் கண்டறிந்ததிலிருந்து வந்த மருந்து 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018-ல் அவருக்கும் ஜப்பானின் ஹோன்ஜோவுக்கும் நோபல். 2015-ல் மூளைவரை மெலனோமா போயிருந்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், இதே வகை மருந்தையும் கதிர்வீச்சையும் வாங்கிக்கொண்டு நூறு வயதைத் தாண்டினார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் மலைக்கு 365 படி. செருப்பைக் கீழே விட்டு ஏறி இறங்கியதும் எல்லோரும் உட்கார்ந்து காலைக் கழுவுவோம். கழுவும்போது ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி ஓரம் நெளிந்து வளர்ந்தாலோ, புண் ஒரு மாதமாக ஆறாவிட்டாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் அம்மாவின் உள்பாவாடை நாடாவை எடுத்துவிட்டு அகலமான பட்டையாகத் தைத்துக் கொடுங்கள். என் அம்மாவுக்குத் தைத்துக் கொடுத்தேன். பட்டைக்கு மேல் ஒரு நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.