மறுகைச் சிக்கல்: முன்கை நீவல் குறித்த ஓர் ஆய்வு

முன்கை என்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட உறுப்புப் பகுதியாகும். அது வலிக்கத் தொடங்கும் நாள்வரை அப்படியொரு பகுதி தம்மிடம் இருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை என்பதால், இவ்வரையறை இங்கே தேவைப்படுகிறது. விசைப்பலகையைத் தட்டுதல், கைபேசித் திரையைக் கட்டைவிரலால் தள்ளுதல், துணி பிழிதல், சப்பாத்தி தேய்த்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஓயாது நிகழும்போது தசைகளிலும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களிலும் எழும் நோவே இக்கட்டுரையின் பொருள்.

இந்நோவை ஆராய்ந்த முன்னோடிகளுள் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமத்சினி தலையாயவர். தொழில்வழி நோய்களைப் பற்றி அவர் 1700-இல் வெளியிட்ட நூலின் விரிவாக்கப்பட்ட 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்தர்களின் கைநோவுக்கு ஓயாத உட்காருகை, கையின் மாறாத அசைவு, பிழை நேராதிருக்க வேண்டுமே என்னும் மனப் பதைப்பு ஆகிய மூன்றையும் காரணங்களாகக் காட்டினார். வலக்கை செயலிழந்த ஆவண எழுத்தர் ஒருவர் இடக்கையால் எழுதப் பழகியதையும், சிறிது காலத்தில் அந்தக் கைக்கும் அதே நோய் கண்டதையும் அவர் பதிவு செய்துள்ளார். ஒரு கையின் துயரை மறுகையிடம் ஒப்படைத்தால் துயர் இரட்டிக்கும் என்னும் இவ்விதியை மறுகைச் சிக்கல் எனலாம். தன் கையைத் தானே பிடித்துவிட்டுக்கொள்ளும் எவரும் இதிலிருந்து தப்புவதில்லை. ஏனெனில் வலக்கையை நீவும் இடக்கையும் பகலெல்லாம் அதே விசைப்பலகையில் உழைத்த கையே.

சிக்கலைத் தீர்க்குமுன் நோவின் இருப்பிடத்தை அறிய வேண்டும். விரல்களை மடக்கி நீட்டும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுப்பதுபோல், அவை முன்கையில் இருந்துகொண்டு தசைநாண்களின் வழியே விரல்களை ஆட்டுகின்றன. மணிக்கட்டின் உட்புறக் குறுகிய வழியில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. ஆகவே மணிக்கட்டு வலிக்கிறது என்பதற்காக மணிக்கட்டையே அழுத்திப் பிசைவோர், ஏற்கெனவே நெரிசலான சந்தில் மேலும் நெரிசலை உண்டாக்குகின்றனர். நீவ வேண்டிய இடம் பெரும்பாலும் முழங்கைக்குச் சற்றுக் கீழே, தசை திரண்டிருக்கும் பகுதியாகும்.

கருவிகளுள் பூரிக்கட்டைக்கே இவ்வாய்வு முதன்மை அளிக்கிறது. ஆனால் கட்டையை மறுகையால் பற்றி முன்கைமேல் உருட்டுவது, பிடியின் இறுக்கத்தால் சிக்கலை வேறு வாசல்வழி உள்ளே அழைப்பதாகும். கட்டை கைமேல் உருளலாகாது; கை கட்டைமேல் உருள வேண்டும். மேசைமேல் கட்டையை வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க முன்கையை அதன்மேல் கிடத்தி, உடல் எடையைச் சிறிதே சாய்த்து, மணிக்கட்டை விட்டு விலகி முழங்கைப் பக்கமாக மெல்ல உருட்டினால், உட்புறத் தசைகள் இளகும். புறங்கைப் பக்கத் தசைகளுக்கு, சுவருக்கும் முன்கைக்கும் இடையே டென்னிஸ் பந்து ஒன்றை அழுத்தி உருட்டுவது ஏற்றது. இம்முறையில் மறுகை முழுமையாக விடுதலை பெறுகிறது. பெற்றவுடன் அது கைபேசியை எடுத்துக்கொள்கிறது என்பது இம்முறையின் அறியப்பட்ட ஒரே குறைபாடு.

இதமான வலி போதும். பல்லைக் கடிக்க வைக்கும் அழுத்தம் வேண்டா. முழங்கையின் உட்புற எலும்பையொட்டி ஓடும் நரம்பை அழுத்தினால் சுண்டுவிரல்வரை சுரீரென்னும் என்பதால் அவ்விடத்தைத் தவிர்க்க வேண்டும். வீக்கம், சூடு, பிடி தளர்தல், கட்டைவிரல் முதல் நடுவிரல் வரையிலான மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் பூரிக்கட்டையின் அதிகார எல்லை முடிந்து மருத்துவரின் எல்லை தொடங்குகிறது.

எண்ணெய் தேவையா என்பதில் இரு தரப்புகள் உண்டு. விரலால் நீவும்போது தோல் இழுபடாதிருக்க நல்லெண்ணெய் உதவும் என்பது உண்மையே. ஆயினும் கட்டையோடு சேர்த்து அதைப் பயன்படுத்துவோர், இரவுச் சப்பாத்திக்கு முன் அக்கட்டையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டியிருப்பதையும், அத்தேய்ப்பு அதே மணிக்கட்டின் அதே அசைவால் நிகழ்வதையும் கணக்கில் கொள்ளவில்லை.