பச்சை மை

நேற்று வங்கியில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெடாலியன் முத்திரை குத்துகிற அம்மாள் லீவாம்.

மாமா கல்யாணமே செய்துகொள்ளாமல் நியூஜெர்சியில் உழைத்துச் சேர்த்த ஐ.ஆர்.ஏ. என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை அக்கா மகனான எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதைப் பத்து வருஷத்தில் எப்படிப் பிரித்து எடுத்தால் வரி குறையும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். முத்திரை விஷயத்தை முதலில் கொட்டிவிடுகிறேன்.

கணக்கை மாற்ற என் கையெழுத்துக்கு மெடாலியன் வேண்டுமாம். நோட்டரி போதாதா? போதாது. கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதோடு நோட்டரியின் வேலை முடிந்தது. மெடாலியன் குத்துகிறவரோ, கையெழுத்து போலி என்றால் நஷ்டத்துக்கும் பொறுப்பு. அதனாலேயே யாரும் சுலபத்தில் குத்துவதில்லை. அந்த வங்கியில் நமக்குக் கணக்கு இருக்க வேண்டும். புதுக் கணக்கென்றால் முகம் சுளிப்பார்கள். கையெழுத்தை அவர்கள் கண்ணெதிரே போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் வேறு படிவம். ஜெராக்ஸ் செல்லாது, ஃபேக்ஸ் செல்லாது. முத்திரையில் இருக்கும் முதல் எழுத்துதான் எத்தனை டாலர் வரை அது செல்லும் என்று சொல்லும். மாமா கொஞ்சம் கூடுதலாகச் சேமித்திருந்தால் பெரிய எழுத்து வைத்திருக்கும் கிளையைத் தேடிப் போக வேண்டும். இத்தனைக்கும் மேல், முத்திரை பச்சை மையில் இருக்க வேண்டும்.

பச்சை மை! மார்க் ஷீட் நகலைத் தூக்கிக்கொண்டு கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நின்ற ஜென்மம் முடிந்தது என்று நம்பி விமானம் ஏறியவன் நான். எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் பசுவுக்கு ஊசி போட்ட கையைத் துடைத்துக்கொண்டு, அதே பச்சை மையில் ஒரு கிறுக்கு கிறுக்கி, சீலையும் குத்தித் தருவார். தொகை கேட்டதில்லை. நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்றும் கேட்டதில்லை. எந்த ஊரில் கணக்கு வைத்திருக்கிறாய் என்று அவர் பசுவைக்கூடக் கேட்டதில்லை. இப்போது அங்கேயே பல இடங்களில் நாமே கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதுமாம். பச்சை மை கப்பலேறி இங்கே வந்துவிட்டது.

சரி, வரி. மனைவியாக இருந்தால் கணக்கைத் தன் கணக்கோடு சேர்த்துக்கொள்ளலாம். மாமாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், ஊசி ஏறும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் 'மனைவி அல்லாதவர்' கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். தப்பித்தவறி என் பெயருக்குச் செக் வந்துவிட்டால் திரும்பக் கட்ட முடியாது. மொத்தமும் அந்த வருஷ வருமானம். மாமா 73 தாண்டியவர் என்பதால் வருஷாவருஷம் கொஞ்சம் எடுத்தே ஆக வேண்டும். பத்தாம் வருஷ முடிவில் கணக்கு துடைத்துக் காலியாக இருக்க வேண்டும். போன வருஷம் அவர் எடுக்காமல் விட்டதையும் நான்தான் எடுக்க வேண்டும். தவறினால் 25 சதவீத அபராதம். இந்தப் பத்து வருஷக் கெடுவை வைத்து 2019-இல் வந்த சட்டத்துக்கு 2024-இல்தான் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இறுதி விதி எழுதியது. எனக்கு மட்டும் டிசம்பர் 31-ஐத் தாண்டக்கூடாது!

இப்போது எனக்கும் ஒரு வாரிசு எழுத வேண்டுமாம். நடுவில் நான் போய்விட்டால் பத்தில் மிச்ச வருஷங்களும் படிவங்களும் அவருக்கு. பொருத்தமான சொந்தக்காரர் ஒருவரை யோசித்து வைத்திருக்கிறேன். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.