பாத்திரம் யாருடைய சொத்து?

கேள்வி: மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில், நான் சிருஷ்டித்த சந்நியாசிக்கு, கதை நடத்துபவர் என்னைக் கேளாமலே விவாகம் செய்து வைத்துவிட்டார். என் பாத்திரத்தின் மீது அதிகாரம் எனக்கா, அவருக்கா?
- ஒரு வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.

பதில்: 1974-ல் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட நாள் முதலாய் நடந்துவரும் இந்த வியாஜ்யத்துக்கு, தங்கள் ஜில்லாவின் தெருக்கூத்து வெகுகாலம் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டது. துரியோதன வேஷம் புனைந்தவர் சமயோசிதமாகச் சொந்த வசனம் பேசலாம். கூத்தின் விதூஷகனான கட்டியக்காரன் குறுக்கே புகுந்து அவரைப் பரிகசிக்கலாம். ஆயினும், பதினெட்டாம் நாள் போரில் மாளமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதற்கில்லை. முடிவு கதையினுடையது, பேச்சு வேஷக்காரருடையது.

எல்லாம் விதிப்படி என்று விட்டுவிடலாமே எனத் தாங்கள் கேட்கலாம். 1898-ல், தம்மை வீட்டுக்கு அழைத்த தாயாருக்கு, யாவும் பிராரப்தப்படியே நடக்கும் என்ற கருத்துப்பட ரமணர் பவழக்குன்றில் எழுதிக் காட்டினார் என்பது மெய்யே. ஆனால் அங்கே ஆட்டுவிப்பவன் ஈசுவரன். தங்கள் மேசையிலோ, முறுக்குத் தட்டைக் காலி செய்யும் சிநேகிதர்! ஆகையால் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்: சம்பவம் அவருடையது, சம்மதம் தங்களுடையது.